முளைப்பாரிக்குப் போன காட்டு மண்

இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். என் கையெழுத்து, தண்ணீர் ஊற்றிக் கலைத்துவிட்ட எறும்பு வரிசை போல இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். எவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று நான் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண், எழுத்து புரியாவிட்டால் போன் செய்வார். எனக்குப் பேசக் கூச்சம். போனை என் மனைவி ஈஸ்வரியிடம் கொடுத்துவிடுவேன். அவள் பக்கத்தைப் பார்த்து வாசித்துச் சொல்வாள். நான் எழுதாத சிலதையும் சேர்த்து வாசிக்கிறாள் என்று ஒரு சந்தேகம் உண்டு. போன வாரம் மாட்டுத்தாவணியில் ரோசாச் செடியோடு பஸ் ஏறிய கதையில், "என் மனைவி அப்போதே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. அது என் வரி இல்லை.

இந்த வாரம் மண் கதை. இது நடந்தது ஆடியில்.

சாயங்கால நேரம். வைகைக்கு வடகரையில் எங்கள் தெரு. தெருக்கோடியில் காளியம்மன் கோயில், அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அந்த வீடு வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். ஆடிப் பொங்கலுக்கு மட்டும் திறப்பார்கள். அப்போது அதற்குப் பெயர் முளைப்பாரி வீடு. அதன் எதிரே என் செடி வண்டியை நிறுத்திவிட்டு, ஈஸ்வரி குரல் பதிந்த ஸ்பீக்கரைப் போட்டேன்.

"செடி வேணுமா, செடி. ரோசாச் செடி, செம்பருத்திச் செடி, மல்லிகைச் செடி. தொட்டிக்கு மண்ணு இருக்கு. காட்டு மண்ணு, சலிச்ச மண்ணு, கல்லில்லாத மண்ணு."

உள்ளே கும்மிச் சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. பஞ்சவர்ணம் மதினி வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். வருடா வருடம் முளைப்பாரியை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். எனக்கு ஒரு வழியில் அண்ணன் மனைவி முறை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் ஏதோ ஒரு முறை. மீதிப் பாதி அவரைக் கண்டால் முறையை யோசிக்க நிற்பதில்லை.

"என்ன செடிக்காரரே, உள்ள ஒரு ஈஸ்வரி குலவை போடுறா, வெளிய ஒரு ஈஸ்வரி செடி விக்கிறா. நாங்க எவளுக்குப் பின்பாட்டுப் பாட?"

"இல்ல மதினி..."

"இல்லேன்னா அமத்துங்க."

அமர்த்தினேன்.

"சொல்லுங்க, என்ன?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். ஈஸ்வரியின் பாரிச் சட்டியில் இருப்பது தப்பான மண். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்து, பஞ்சவர்ணம் மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"யாருக்காச்சும் மல்லிகைச் செடி..." என்றேன்.

"விரதம் இருக்குற பொம்பளைகளுக்கு மல்லிகை விக்க நல்லா நேரம் பாத்தீக" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கூவாத வியாபாரி

செடி விற்கிறவன் கூவ வேண்டும். எனக்கு அது வரவில்லை. ஆரம்பத்தில் தள்ளுவண்டி வைத்திருந்த காலத்தில், தெருவுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, சத்தமில்லாமல் வெளியேறிவிடுவேன். யாராவது வாசலில் தற்செயலாக நின்றால் வியாபாரம். நிற்காவிட்டால் செடிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டினதாகக் கணக்கு.

பிறகு குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி வாங்கியபோது அதில் ஒரு ஸ்பீக்கரும் மாட்டினேன். அதற்குக் குரல் பதிய வேண்டும். ஒரு மத்தியானம் முழுக்க முயற்சி செய்தேன். கேட்டுப் பார்த்தால், சாமி வரம் கொடுக்க வந்தபோது பயந்துபோய்ப் பேசியவன் குரல் போல இருந்தது. ஈஸ்வரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். ஒரே மூச்சில் பேசி முடித்தாள். முடித்ததும், "போதுமா? அமத்துங்க" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் போகிற தெருவெல்லாம், கல்லில்லாத மண்ணுக்குப் பிறகு, "போதுமா? அமத்துங்க" என்று கேட்கும். சிம்மக்கல் பக்கம் பிள்ளைகள் என்னை "போதுமா அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தோப்பு ஓடை

காட்டு மண் என்று விற்கிறோமே தவிர, காட்டிலிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் எடுக்க மாட்டேன். வனக் காவலர் வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

எனக்கு மண் கொடுப்பது அழகர்மலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. பட்டா நிலம். தோப்புக்காரர் மதுரையிலேயே இருக்கிறார். தோப்பைப் பார்த்துக்கொள்வது வீரணன். தோப்பின் வடக்கு ஓரத்தில் ஓர் ஓடை. மழை பெய்தால் மலையிலிருந்து இலையும் சருகும் குச்சியும் கரைந்த மண்ணும் அந்த ஓடையில் இறங்கி வந்து, ஒரு வளைவில் தங்கிவிடும். தங்கியது அடுத்த மழை வரைக்கும் மக்கும். அதைத்தான் மேலாகச் சுரண்டி மூட்டை பிடிக்கிறேன். ஆழமாகத் தோண்டினால் வீரணன் விடமாட்டார்.

"அண்ணே, மேல இருக்குறது அது குடுக்குறது. கீழ இருக்குறது அதோடது. கைய வெளிய எடுங்க."

அந்த மண்ணின் வாசம் எனக்குப் பிடிக்கும். மழை வாசம் இல்லை அது. ஊறவைத்த உளுந்து, பழைய மரப்பெட்டி, கொஞ்சம் காளான், எல்லாம் சேர்ந்த மாதிரி ஒன்று. கறுப்பு என்று சொல்வார்கள், கறுப்பும் இல்லை. கருப்பட்டிக் காப்பியின் அடி வண்டல் நிறம். கையில் எடுத்தால் எடையே இருக்காது. முதல் தடவை மூட்டையைத் தூக்கியபோது, வீரணன் பாதிதான் கட்டியிருக்கிறார் என்று நினைத்து இன்னும் போடச் சொன்னேன். "நிறைஞ்சு வழியுதுண்ணே, கண்ணத் திறந்து பாருங்க" என்றார்.

வெயிலில் போட்டுக் கவிழ்ப்பது

அந்த மண்ணை அப்படியே தொட்டியில் போட்டுவிடலாம் என்று பலபேர் நினைக்கிறார்கள். இயற்கை மண்தானே என்கிறார்கள். இயற்கை மண்தான். ஆனால் அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. சுள்ளெறும்பு, மரவட்டை, பூரான், பெயர் தெரியாத வேர், பெயர் தெரியாத விதை. ரோசாச் செடி வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில், ஒரு வாரத்தில் ரோசாவைத் தவிர மற்ற எல்லாம் முளைத்துவிடும்.

அதனால் முதலில் மொட்டை மாடியில் பரப்புவேன். கட்டியை உடைத்து, கல்லையும் குச்சியையும் பொறுக்கி, பெரிய கண் சல்லடையில் ஒரு தடவை சலிப்பேன். பிறகு தண்ணீர் தெளித்து அப்படியே விட்டுவிடுவேன். முளைக்க ஆசைப்படுகிற விதை எல்லாம் நல்ல காலம் வந்ததென்று நம்பித் தலையை நீட்டும். இரண்டு இலை விட்டதும் மண்வெட்டியால் அத்தனையையும் கவிழ்த்துவிடுவேன். கொஞ்சம் நம்பிக்கைத் துரோகமான வேலைதான். செய்யும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரத்தில் செங்கல் வைத்து, மதுரை வெயிலிடம் ஒப்படைத்துவிடுவேன். நம் ஊர் வெயிலைத் திட்டாத ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே மண் வேகும். எறும்பு வீட்டைக் காலி செய்யும். கவிழ்த்ததில் தப்பிப் பிழைத்த விதையும் அடங்கிவிடும்.

வெந்த மண் ஆறினதும் செம்மண், மக்கிய சாணி, கொஞ்சம் மணல், ஒரு கை வேப்பம்புண்ணாக்கு சேர்த்துப் புரட்டி, தண்ணீர் தெளித்துச் சாக்கில் கட்டாமல் வைப்பேன். வாய் திறந்திருந்தால்தான் சூடு வெளியேறும். பக்குவம் வந்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. புட்டுக்கு மாவு விரவுவது போலத்தான். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிபடாவிட்டால் வறட்சி. உதிராவிட்டால் களி.

அப்படியே ஓர் அடையாளமும் வைத்துக்கொண்டேன். வாய் திறந்த சாக்கு என்றால் பக்குவமான மண். வாய் கட்டிய சாக்கு என்றால் தோப்பிலிருந்து வந்த பச்சை மண். எழுதி ஒட்டலாமே என்று ஈஸ்வரி சொன்னாள். என் எழுத்தை யார் வாசிப்பது?

கார்த்திகா கட்டிய சாக்கு

இப்போது கார்த்திகாவைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள். மேலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை வயிற்றில் தங்கியது, எல்லாருக்கும் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் போனில் பேசும்போது "ம்" என்பதுதான் அதிகம் இருந்தது. ஈஸ்வரி அவளிடம் பேசி முடித்ததும் போனைக் கீழே வைக்காமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருப்பாள்.

இந்தத் தடவை தங்கியது. ஆடி பிறக்கும் முன்பே வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் பாரி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்வதுதான் வழக்கம். ஈஸ்வரிக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. "முன்னாடியே எடுத்துருறேன். அப்புறம் அம்மனுக்கே ஒரு கூச்சம் இருக்கும்ல" என்றாள்.

முளைப்பாரி தெரியாதவர்களுக்கு: அகலமான மண் சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, பயறு, மொச்சை, சோளம் என்று தானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பது. விதை என்று சொல்ல மாட்டார்கள், முத்து என்பார்கள். பெண்கள் விரதம் இருந்து தண்ணீர் தெளிப்பார்கள், சாயங்காலம் சட்டிகளைச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளுத்து, நெட்டையாக, பார்க்கவே பாவமாகவும் அழகாகவும் இருக்கும். பொங்கல் அன்று தலையில் எடுத்து ஊர்வலமாகப் போய்க் கரைத்துவிடுவார்கள். வெளியே வரும்வரை ஆம்பிளை பார்க்கக் கூடாது. யார் வீட்டுப் பாரி எப்படி வளர்ந்திருக்கிறதோ அந்த வீட்டுக்கு அப்படி என்று ஒரு நம்பிக்கை. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். ஈஸ்வரி நம்புகிறாள். அவ்வளவு போதும்.

வழக்கமாகக் கண்மாயில் படிந்த கரம்பை என்கிற வண்டல் மண்தான் எடுப்பார்கள். எங்கள் பக்கத்துக் கண்மாயில் இப்போது மண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் தானாகக் கிடைக்கிறது. "ஊருக்கெல்லாம் மண்ணு குடுக்குற மனுசன் வீட்டுல இருக்கயில நான் எதுக்கு அலையணும்?" என்று ஈஸ்வரி என் மண்ணையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கும் பெருமைதான்.

முத்துப் போடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் திடீரென்று தூறல். நான் வண்டியோடு உசிலம்பட்டிச் சந்தையில் இருந்தேன். ஈஸ்வரி கோயிலில். வீட்டில் கார்த்திகா மட்டும். எதையும் தொடாதே, குனியாதே, தூக்காதே என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பிள்ளை டிவி ரிமோட்டைத் தூக்கவே யோசிக்கும் நிலைக்கு வந்திருந்தாள். தூறலைப் பார்த்ததும், அப்பாவின் மண் நனைந்துவிடுமே என்று, வாசலில் திறந்திருந்த சாக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இறுகக் கட்டிவிட்டாள். நான் பச்சை மண்ணுக்குப் போடுகிற அதே முடிச்சு. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மறுநாள் விடியும் முன்னே ஈஸ்வரி, ஓரத்திலிருந்த சாக்கு ஒன்றை அவிழ்த்துக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் தொட்டி நிரப்பலாம் என்று நான் சாக்குகளைத் திறந்தேன். ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். பிடிபட்டது, உதிர்ந்தது. எல்லாம் பக்குவமான மண். ஓரத்தில் பாதி காலியாகக் கிடந்த சாக்கில் கைவிட்டேன். ஒரு சுள்ளெறும்பு என் சுண்டுவிரலில் விசாரித்துவிட்டுப் போனது.

அதனால்தான் முளைப்பாரி வீட்டு வாசலில் வண்டி.

வண்டிக்குப் பின்னால்

கும்மி முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் ஒரு செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் தெளிப்பதாகப் பாவனை செய்தேன். அந்தச் செடி அன்று மூழ்காமல் பிழைத்தது ஆச்சரியம்.

கடைசியில் ஈஸ்வரி வந்தாள்.

"ஏங்க, மானத்த வாங்கணும்னே கிளம்பி வந்தீங்களா? என் குரலயே என்கிட்ட வித்துக்கிட்டு நிக்கிறீங்க."

"மண்ணு மாறிப்போச்சு."

"என்னது?"

"நீ அள்ளுனது பச்ச மண்ணு. வேகாதது."

அவள் என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"சாக்கு கட்டியிருந்துச்சேன்னு நானும் நினைச்சேன். எல்லாமே கட்டியிருந்துச்சு. சரி மழைக்கு நீங்கதான் கட்டிட்டீகன்னு..."

"நான் வர்றதுக்கு முன்னாடியே கட்டியிருந்துச்சு."

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவள் சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"அவகிட்ட மூச்சு விடாதீங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா உக்காந்து அழுவா. போன தடவையே, எதத் தூக்குனோம் எதத் தின்னோம்னு எண்ணி எண்ணி அழுதவ."

"மண்ண மாத்த முடியாதா?"

"முத்துப் போட்டாச்சுங்க. இனி சட்டியத் தொடக்கூடாது. தண்ணி மட்டும்தான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மண்ணுல என்ன இருக்கும்? உள்ளதச் சொல்லுங்க."

எறும்பு, பூரான், பெயர் தெரியாத விதை என்று முழுவதும் சொல்லியிருக்க வேண்டும். நான், "நல்ல சத்து இருக்கும்" என்றேன். அதுவும் உண்மைதான்.

வீரணன் சொன்ன ஆறுதல்

அடுத்து வந்த நாட்களில் நான் தினமும், "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். முதலில், "முளை விட்டுருச்சு" என்றாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு, "இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் பதில் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவளுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

கார்த்திகா வேறு, "பாரி எம்புட்டு வந்திருக்கும்மா?" என்று ஆசையாகக் கேட்பாள். "நீ பாலக் குடி" என்பாள் ஈஸ்வரி.

பொறுக்க முடியாமல் தோப்புக்குப் போய், வீரணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஓடை வளைவில் என்னென்ன விதை வந்து தங்கும் என்று கேட்டேன்.

"என்னதான்ணே இல்ல? குரங்கு துப்புனது, மயிலு எச்சமிட்டது, வவ்வா போட்டது, தண்ணி உருட்டிட்டு வந்தது, எல்லாந்தான். ஏன், ஆலமரமே வந்தாலும் வரும்."

"பாரிச் சட்டியிலயா?"

"வரட்டுமே. அடுத்த வருசம் தலையில தூக்க வேணாம். அண்ணி அது நிழல்லயே நின்னுக்கிறலாம்."

நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, ஒரு மாங்காயைப் பறித்து என் கையில் வைத்தார். "பிள்ளைக்குக் குடுங்க" என்றார். எனக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான். அதையும் ஈஸ்வரி, சூடு என்று சொல்லிப் பிடுங்கி ஊறுகாய் போட்டுவிட்டாள்.

பாரி வெளியே வந்தது

பொங்கல் அன்று சாயங்காலம் தெருவே வாசலில் நின்றது. கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பித்ததும் முளைப்பாரி வீட்டுக் கதவு முழுதாகத் திறந்தது. ஒவ்வொரு சட்டியாகப் பெண்களின் தலையில் ஏறி வெளியே வந்தது. நான் கூட்டத்தில் பின்னால், ஒரு கரண்டுக் கம்பத்தை ஒட்டி நின்றேன். பக்கத்தில் கார்த்திகா நாற்காலியில். அவள் ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

நல்ல காற்று அன்றைக்கு. ஆடிக் காற்று. வெளியே வந்ததும் வெள்ளைப் பயிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பெண்கள் முந்தின நாளே நூல் சுற்றிக் கட்டியிருந்தும், சிலருடையது தலை கலைந்து முகத்தில் விழுந்தது. பஞ்சவர்ணம் மதினியின் பாரியே ஒரு பக்கம் ஒருக்களித்துக்கொண்டது.

கடைசிக்கு முந்தினதாக ஈஸ்வரி வந்தாள்.

அவள் பாரி சாயவில்லை. உயரம் மற்றதைவிட ஒரு விரல் கூடுதலாக இருக்கலாம், அது பெரிதில்லை. ஒரு கொடி. நூலை விடக் கொஞ்சம் தடிப்பான, வெளுத்த ஒரு கொடி. மண்ணிலிருந்து கிளம்பி, மொச்சையைப் பிடித்து, சோளத்தைப் பிடித்து, ஒவ்வொரு தண்டாகத் தழுவிச் சுற்றிக்கொண்டே மேலே போய், உச்சியில் இரண்டே இரண்டு மஞ்சள் இலையை நீட்டிக்கொண்டிருந்தது. முழுப் பாரியையும் ஒரு கை அணைத்துப் பிடித்த மாதிரி இருந்தது. அவள் நூலே கட்டவில்லை.

என் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரர் என் தோளில் இடித்தார்.

"மாப்ள, ராத்திரியோட ராத்திரியா உள்ள போயிக் கட்டிவிட்டியா? செடிக்காரன் வேலை தெரியுதே."

அது விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் ஆம்பிளை உள்ளே போனான் என்பது அந்தத் தெருவில் விளையாட்டு இல்லை. நாலைந்து தலைகள் திரும்பின. நான் கம்பத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் போனேன். அந்தக் கம்பம் என்னைவிட ஒல்லி.

பஞ்சவர்ணம் மதினி நின்றார். தலையில் சட்டியோடு முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க முடியும். திருப்பினார்.

"யாரும் கட்டல. அது உள்ளயே கட்டிக்கிட்டு வந்தது. நான் தினம் தண்ணி தெளிச்சுப் பாத்தவ சொல்றேன். வழிய விடுங்க."

தலைகள் முன்னால் திரும்பிக்கொண்டன. கார்த்திகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, அம்மாது மட்டும் எப்படிப்பா நேரா நிக்குது?"

"மண்ணு நல்ல மண்ணும்மா" என்றேன்.

ஆற்று மணலில்

வைகையில் தண்ணீர் ஓடும் வருடம் ஆற்றில் கரைப்போம். ஓடாத வருடம் ஆற்றுக்குள் குழி வெட்டி, லாரித் தண்ணீர் ஊற்றிக் கரைப்போம். இந்த வருடம் லாரி.

குழியோரத்தில் பெண்கள் குலவை போட்டுச் சட்டிகளை இறக்கினார்கள். ஈஸ்வரி சட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். பயிரைக் கரைத்தபோது கொடியைக் காணவில்லை. திரும்பி வரும்போது அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது, ஈரமாக.

மணலில் நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக நடந்தோம்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?" என்றேன்.

"முளைச்ச ரெண்டாம் நாளே. மதினிதான் மொதல்ல பாத்தாக. இது நம்ம முத்துல இல்லாததா இருக்கேடி, கிள்ளி எறி, மத்தத அமுக்கிரும்னாக."

"அப்புறம்?"

"கிள்ளப் போனேன்." கொஞ்ச தூரம் மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "யாரும் போடல. யாரும் கூப்பிடல. அம்புட்டு இருட்டுக்குள்ள தானா வந்து ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதப் போயி எப்படிங்க கிள்ளுறது. கைய வச்சா கார்த்திகா மூஞ்சிதான் வருது."

"மதினி என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. மறுநாள்லேருந்து அதுக்கும் சேத்துத் தெளிச்சாக."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி மண்ணோடு அந்தக் கொடியை என் கையில் வைத்தாள். கருப்பட்டிக் காப்பி நிற மண். வெளுத்த தண்டு. இரண்டு மஞ்சள் இலை.

"இது என் ஆளு இல்ல, உங்க ஆளு. தொட்டி பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னத் தொட்டி எடுத்தேன். வெந்த மண் சாக்குகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். ஓரத்துச் சாக்கில் மிச்சமிருந்த பச்சை மண்ணையே அள்ளிப் போட்டேன். சலிக்கவில்லை, கவிழ்க்கவில்லை, வெயில் காட்டவில்லை. இத்தனை வருடத்தில் நான் பக்குவம் பண்ணாமல் நிரப்பிய ஒரே தொட்டி அது. சுள்ளெறும்பும் கூடவே குடிவந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொடி பச்சையாகிவிட்டது. என்ன கொடி என்று வீரணனுக்கும் தெரியவில்லை. ஜன்னல் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒருவர் விலை கேட்டார். ஈஸ்வரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு துளசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதையை ஆடியிலேயே எழுதியிருப்பேன். ஈஸ்வரி விடவில்லை. "இப்ப எழுதக்கூடாது. வேற எதையாச்சும் எழுதுங்க" என்றாள். அதனால்தான் உங்களுக்கு இத்தனை வாரமும் பஸ் கதை, சந்தைக் கதை, சல்லடை தொலைந்த கதை என்று வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அவளே தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்து, "இப்ப எழுதுங்க, ஆனா சத்தம் போடாம எழுதுங்க" என்றாள். நான் எழுதுவதில் என்ன சத்தம் வரப்போகிறது என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், அடைமழை பிடித்த ஒரு புதன்கிழமை. நடு அறையில் ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் ஈஸ்வரியின் பழைய நூல் சேலையால் தூளி கட்டிய அன்று சாயங்காலம்.